சின்ன டிராக்டரின் சக்தி எங்கே போகிறது?

புரட்டாசி நெருங்கினால் ராமநாதபுரம் மாவட்டத்தில் டிராக்டருக்கு ஓய்வில்லை. திருவாடானை, ஆர்.எஸ். மங்கலம் பக்கத்து மானாவாரி நெல் நிலங்களில் மழைக்கு முன்பே புழுதியில் விதைத்துவிட வேண்டும். கமுதி, முதுகுளத்தூர் கரிசல் நிலங்களில் மிளகாய்க்கும் பருத்திக்கும் நிலம் தயாராக வேண்டும். மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை சுமார் 827 மில்லிமீட்டர். அதில் பெரும் பங்கு ஐப்பசி முதல் மார்கழிக்குள் பெய்து தீர்ந்துவிடுகிறது. விதைப்பு பிந்தினால், கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் கண்மாயில் தண்ணீர் இருக்குமா என்பது சந்தேகம்தான்.

இந்த நெருக்கடியில் 15 முதல் 25 குதிரைச் சக்தி வரை உள்ள சின்ன டிராக்டர் வைத்திருப்பவர்கள் சொல்லும் குறை ஒன்றுதான்: "வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது." இதற்கு ஒரு சுலபமான வைத்தியமும் ஊரில் சொல்லப்படுகிறது. டீசல் பம்ப்பில் உள்ள திருகைக் கொஞ்சம் திருப்பி, டீசலைக் கூடுதலாகப் போகவிட்டால் என்ஜின் சக்தி ஏறும் என்பதே அது. ஏறுவது உண்மை. ஆனால் அதற்கு என்ஜின் கொடுக்கும் விலை என்ன, அந்தச் சக்தியை வேறு வழியில் பெற முடியாதா என்பதை அறிந்த பிறகே அந்தத் திருகில் கை வைப்பது நல்லது.

காற்று இல்லாத டீசல் புகையாகும்

டீசல் என்ஜினின் சக்தி டீசலால் மட்டும் வருவதில்லை. அது எரியக் காற்று வேண்டும். 1 கிலோ டீசல் எரிவதற்குக் குறைந்தது 14.5 கிலோ காற்று தேவை. புகையில்லாமல் எரிய 20 கிலோ அளவுக்காவது வேண்டும். 900 சி.சி. கொள்ளளவுள்ள ஒரு சின்ன என்ஜின் நிமிடத்துக்கு 2,700 சுற்றுச் சுற்றும்போது சுமார் 1,200 லிட்டர் காற்றை உறிஞ்சுகிறது. 15 லிட்டர் குடத்தில் அளந்தால் நிமிடத்துக்கு 80 குடம்!

இந்தக் காற்றில் எவ்வளவு டீசல் சுத்தமாக எரியுமோ, ஏறக்குறைய அந்த அளவுக்குத்தான் தொழிற்சாலையில் பம்ப்பை வைத்து முத்திரையிட்டு அனுப்புகிறார்கள். திருகைத் திருப்பினால் டீசல் கூடும், காற்று கூடாது. மிஞ்சிய டீசல் பாதி எரிந்து கரும்புகையாக வெளியேறும். சக்தி கொஞ்சம் ஏறும். அதைவிட வேகமாகச் சூடு ஏறும். பிஸ்டனின் தலை, வால்வு, சிலிண்டர் ஹெட் கேஸ்கட் ஆகியவை அந்தச் சூட்டைத் தாங்க வேண்டும். எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலைக் கழுவிவிடும். பிறகு ரிங் தேயும், ஆயில் இளகும். என்ஜினோடு இது நிற்பதில்லை. கிளட்ச், கியர் பெட்டி, பின் அச்சு எல்லாமே அந்தப் பழைய சக்தியைக் கணக்கிட்டுச் செய்யப்பட்டவை. முத்திரை உடைந்திருந்தால் கம்பெனி உத்தரவாதமும் போய்விடலாம்.

காற்றையும் சேர்த்துக் கூட்ட ஒரு வழி உண்டு. அதுவே டர்போ. புகையின் வேகத்தால் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் இந்த முறைக்கு சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். ஆனால் தொழிற்சாலையில் டர்போ பொருத்தும்போது பிஸ்டன், நாசில், ஆயில் ஓட்டம், ரேடியேட்டர் என்று பலவற்றையும் அதற்கேற்ப மாற்றுகிறார்கள். பழைய சின்ன என்ஜினில் டர்போவை மட்டும் கொண்டுவந்து மாட்டுவது வீண் செலவு.

ராமேசுவரம், பாம்பன், மண்டபம் பக்கத்தில் படகு என்ஜின்களைப் பார்த்துப் பழகியவர்கள், அங்கே செய்வதை டிராக்டருக்கும் செய்யலாம் என்று எண்ணலாம். கடல்நீரால் குளிரூட்டப்படும் படகு என்ஜினுக்குச் சுற்றிலும் குறையாத தண்ணீர். டிராக்டருக்கு இருப்பது ரேடியேட்டரில் உள்ள சில லிட்டர் மட்டுமே. அதுவும் வெயிலில், புழுதிக்கு நடுவில். இரண்டும் ஒன்றாகாது.

18 குதிரையில் வயலுக்கு வருவது 10

டிராக்டரின் மேல் எழுதியிருப்பது என்ஜினின் சக்தி. அது முழுவதும் கலப்பைக்கு வந்து சேராது. கியர், அச்சு, சக்கரம், மண் என்று ஒவ்வோரிடத்திலும் கொஞ்சம் கழியும். பின்புறத்து பி.டி.ஓ. தண்டில் கிடைப்பது சுமார் 85 சதவீதம். உழுத மண்ணில் கலப்பையை இழுக்கக் கிடைப்பது பாதி முதல் பத்தில் ஆறு பங்கு வரைதான். 18 குதிரைச் சக்தி டிராக்டர் என்றால், கலப்பைக்கு வருவது 9 முதல் 11.

மத்தியப் பிரதேசம் புத்னியில் 1955-ஆம் ஆண்டு முதல் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையம் இயங்கி வருகிறது. அங்கே டிராக்டர்களைச் சோதித்துத் தரும் அறிக்கையில் பி.டி.ஓ. சக்தி, இழுவைச் சக்தி இரண்டும் தனித்தனியே இருக்கும். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் 1919-ஆம் ஆண்டு சட்டம் போட்டு 1920 முதல் டிராக்டர்களைச் சோதிக்கத் தொடங்கியதும், விளம்பரத்தில் சொல்லும் சக்தி வயலில் கிடைக்கிறதா என்று பார்க்கத்தான். புது டிராக்டர் வாங்குவோர் சோதனை அறிக்கையைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

கலப்பைக்கு எவ்வளவு சக்தி வேண்டும் என்பதை விவசாயிகளே கணக்கிடலாம். இழுவையைக் கிலோவிலும் வேகத்தை மணிக்குக் கிலோமீட்டரிலும் எடுத்துப் பெருக்கி, 270-ஆல் வகுத்தால் குதிரைச் சக்தி கிடைக்கும். ஐந்து கொழுக் கலப்பையில் ஒரு கொழுவுக்கு 100 கிலோ இழுவை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 500 கிலோ. மணிக்கு 4 கிலோமீட்டர் வேகம் என்றால் 7.4 குதிரைச் சக்தி போதும். அதையே ஆழமாக விட்டு, கொழுவுக்கு 140 கிலோ ஆகிவிட்டால் 10.4 வேண்டும். 18 குதிரைச் சக்தி டிராக்டர் திணறத் தொடங்கும் இடம் இதுதான். இறுகிக் காய்ந்த கரிசலில் தேய்ந்த கொழுவை மாட்டினால் இதற்கு மேலும் போகும். அப்போது குறை என்ஜினில் இல்லை.

சக்கரத்தின் அடியில் கிடக்கும் சக்தி

சின்ன டிராக்டர் எடை குறைவானது. என்ஜினில் சக்தி இருந்தும், சக்கரம் மண்ணைப் பிடிக்காமல் நின்ற இடத்தில் சுழன்றால் அந்தச் சக்தி வீண். சாயல்குடி முதல் மண்டபம் வரை கடலோர மணல் நிலங்களில் இது அதிகம். இதை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு சாக்குக்கட்டியும் அளவு நாடாவும் போதும்.

பின் டயரில் ஒரு கோடு போட வேண்டும். வயலில் கலப்பையைத் தூக்கி வைத்துக்கொண்டு, டயர் 10 சுற்றுச் சுற்றும் வரை ஓட்டி, தூரத்தை அளக்க வேண்டும். 28 மீட்டர் வந்தது என்று வைத்துக்கொள்வோம். பிறகு கலப்பையை வழக்கமான ஆழத்தில் இறக்கி மறுபடியும் 10 சுற்று. இப்போது 24 மீட்டர் வந்தால் வழுக்கல் 14 சதவீதம். இது சரியான அளவே. 20 மீட்டர்தான் வந்தது என்றால் வழுக்கல் 29 சதவீதம்! 18 குதிரைச் சக்தி வண்டியில் இந்த வித்தியாசம் ஏறக்குறைய 2 குதிரைச் சக்தி. பம்ப்பைத் திறந்து பெற நினைக்கும் சக்தி இப்படிச் சக்கரத்தின் அடியிலேயே கிடக்கிறது.

நேரக் கணக்கும் பார்க்கலாம். ஐந்து கொழுக் கலப்பை ஒரு நடைக்கு சுமார் 1.12 மீட்டர் அகலம் உழும். 4 கிலோமீட்டர் வேகத்தில், திரும்பும் நேரத்தையும் சேர்த்து, ஏக்கருக்கு சுமார் 1 மணி 12 நிமிடம் ஆகும். வழுக்கல் 14-லிருந்து 29-க்கு ஏறினால் அதே வேலைக்கு ஐந்தில் ஒரு பங்கு நேரம் கூடுதலாகும். 10 ஏக்கருக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் வீண். முழுச் சுமையில் மணிக்கு 4 லிட்டர் டீசல் போனால் 10 லிட்டர் வீண்.

வழுக்கலைக் குறைக்க வழிகள் உண்டு. பின் டயரில் முக்கால் பங்கு தண்ணீர் ஏற்றலாம் அல்லது சக்கரத்தில் இரும்பு எடை மாட்டலாம். கடலோர ஊர்களில் உவர்நீரை டயரில் ஏற்றக்கூடாது. கசிந்தால் ரிம்மை அரித்துவிடும். சாலையில் ஓட்ட ஏற்றிய காற்றோடு வயலில் இறங்கக்கூடாது. வயலுக்குப் பொதுவாக 12 முதல் 15 பவுண்டு போதும். அவரவர் டயருக்கான அளவைக் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். தொளி உழவுக்கு இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்ட வேண்டும். பட்டை தேய்ந்து வழவழப்பான டயரோடு புரட்டாசியை எதிர்கொள்ளக் கூடாது. அதே நேரம் எடையை அளவுக்கு மீறி ஏற்றுவதும் தவறு. வழுக்கல் 8 சதவீதத்துக்கும் கீழே போனால், டீசல் அந்த எடையைச் சுமப்பதற்கே போகிறது என்று பொருள்.

கலப்பை மாட்டும் முறையிலும் இழுவை இருக்கிறது. அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்கூசன், மூன்று புள்ளி இணைப்பைக் கண்டு, 1939-ஆம் ஆண்டு ஹென்றி போர்டுடன் சேர்ந்து அதைப் பெரிய அளவில் டிராக்டரில் கொண்டு வந்தார். கலப்பை மண்ணை இழுக்கும் விசையிலேயே பின் சக்கரத்தின் மேல் பாரம் ஏறும்படி அது அமைந்தது. எடை குறைந்த டிராக்டர் தன் எடையை மீறி இழுத்த ரகசியம் அதுதான். மேல் இணைப்புத் தண்டு தவறான நீளத்தில் இருந்தாலும், கலப்பை ஒரு பக்கம் சாய்ந்து ஓடினாலும் அந்தப் பலன் கிடைக்காது. ஹைட்ராலிக்கில் இழுவைக் கட்டுப்பாட்டு நெம்புகோல் உள்ள வண்டிகளில் உழவின்போது அதைப் பயன்படுத்த வேண்டும்.

என்ஜின் இழந்ததை மீட்பது

வாங்கிய நாளில் இழுத்த வண்டி இப்போது இழுக்கவில்லை என்றால், அந்தச் சக்தி எங்கோ அடைபட்டிருக்கிறது. காசு செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்கி, வரிசையாகப் பார்க்க வேண்டும்.

1. ஆக்சிலரேட்டர்: நெம்புகோலை முழுவதும் இழுத்த நிலையில், பம்ப்பில் உள்ள கை அதன் எல்லைத் திருகைத் தொடுகிறதா என்று பாருங்கள். கம்பி தளர்ந்திருந்தால் தொடாது. முழு வேகம் வராததால் சக்தியும் வராது. கம்பியை இறுக்கினாலே குறை தீர்ந்துவிடலாம்.

2. காற்று வடிகட்டி: புழுதி உழவு நாட்களில் தினமும் பார்க்க வேண்டும். ஆயில் தொட்டி வகையானால், அழுக்கு ஆயிலைக் கொட்டிக் கழுவி, கோடு வரை புது ஆயில் ஊற்ற வேண்டும். காகித வகையானால், மெல்லத் தட்டிச் சுத்தம் செய்து, கெட்டுப்போனால் மாற்ற வேண்டும். வடிகட்டிக்கும் என்ஜினுக்கும் இடையில் உள்ள ரப்பர் குழாயின் கவ்வி தளர்ந்திருந்தால், அந்த இடுக்கில் புகும் புழுதி ஒரு பருவத்திலேயே ரிங்கைத் தின்றுவிடும்.

3. டீசல்: டேங்க் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருந்தால் என்ஜின் சிறிது நேரம் ஓடி, மெல்லச் சோர்ந்து நின்றுவிடும். மூடியைத் தளர்த்தியதும் சரியானால் குறை இதுதான். கடற்காற்றில் ஈரம் அதிகம். இரவில் காலி டேங்க்கில் அந்த ஈரம் தண்ணீராக இறங்கும். ஆகவே வேலை முடிந்த மாலையிலேயே டேங்க்கை நிரப்பிவிட வேண்டும். டீசல் பீப்பாயைச் சற்றுச் சாய்த்து வைத்து, அடியில் தேங்கிய கசடு வராமல் எடுக்க வேண்டும். பில்டரை உரிய மணிக்கணக்கில் மாற்ற வேண்டும்.

4. ரேடியேட்டர்: இந்த மாவட்டத்தில் பல ஊர்களின் நிலத்தடி நீர் உவர்ப்பானது. அதை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே உப்புப் படிந்து சூடு வெளியேறாது. மழைநீரைச் சேமித்து வைத்தோ, கூலண்ட் கலவையோ ஊற்றலாம். வெளிப்புறத்து இடுக்குகளில் அடைத்துள்ள தூசியையும் கருவேல இலையையும் பின்புறத்திலிருந்து நல்ல தண்ணீரை மெல்லப் பாய்ச்சிக் கழுவ வேண்டும். விசிறிப் பட்டையைக் கட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமுங்கினால் போதும்.

5. டாப்பெட், நாசில்: இதுவரை பார்த்தும் சக்தி வராவிட்டால்தான் பட்டறை. டாப்பெட் இடைவெளியைக் கையேட்டின்படி வைக்கச் சொல்ல வேண்டும். நாசில் தெளிக்கும் விதத்தையும் அழுத்தத்தையும் பம்ப் கடையில் சோதிக்கச் சொல்ல வேண்டும். தெளிக்காமல் ஒழுகும் நாசில் டீசலைத் தின்னும், சக்தி தராது.

6. ரிங்: ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றினால் குபுகுபுவென்று புகை வருகிறதா? ரிங், சிலிண்டர் தேய்ந்திருக்கலாம். இந்த நிலையில் பம்ப்பைத் திறந்தால் பழுது பெருகுமே தவிர வேலை நடக்காது.

புகையின் நிறமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். கருப்பு என்றால் காற்று போதவில்லை, சுமை அதிகம் அல்லது நாசில் கெட்டிருக்கிறது. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளையாக வந்தால் டீசல் எரியவில்லை அல்லது சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்குகிறது.

கடலோரத்துக்கு ஒரு சாதகம்

கடல் மட்டத்தில் காற்று அடர்த்தியானது. 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகமண்டலத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே இதே என்ஜின் அந்த அளவுக்குச் சோர்ந்துபோகும். ராமநாதபுரத்தில் அந்தக் குறை இல்லை. வெயில்தான் குறை. காற்றின் வெப்பம் 27 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு ஏறினால் அடர்த்தி 4 சதவீதம் போகும். அதிகாலையில் தொடங்கி வெயில் ஏறும் முன் கனத்த உழவை முடித்தால் என்ஜினுக்கும் நல்லது, ஓட்டுபவருக்கும் நல்லது.

உழவின்போது என்ஜின் சத்தம் இறங்கிக் கரும்புகை தொடர்ந்து வந்தால், உடனே ஒரு கியர் குறைக்க வேண்டும். இல்லையேல் ஆழத்தைக் குறைக்க வேண்டும். ஒரே நடையில் ஆழ உழுவதைவிட, இரண்டு நடையில் படிப்படியாக ஆழப்படுத்துவது சின்ன டிராக்டருக்கு ஏற்றது. சித்திரை மழை கிடைத்ததும், மண்ணில் ஈரம் இருக்கும்போதே கோடை உழவை முடித்துவிட்டால் புரட்டாசி உழவில் இழுவை பெருமளவு குறையும். ரோட்டவேட்டரும் வண்டிக்கு ஏற்ற அகலமாக இருக்க வேண்டும். 18 குதிரைச் சக்திக்கு சுமார் 3 அடி போதும். அண்டை வயலில் பெரிய டிராக்டரில் ஓடும் 5 அடி ரோட்டவேட்டரை வாங்கி மாட்டக்கூடாது.

இதற்கு மேலும் சக்தி வேண்டுமென்றால்

எல்லாம் சரியாக இருந்தும் சில வேலைகள் சின்ன டிராக்டரின் சக்திக்கு மீறியவை. பல வருடம் தரிசாகக் கிடந்த நிலத்தை முதன்முறை உழுவது, சீமைக் கருவேல வேர் பெயர்ப்பது, சட்டிக் கலப்பையால் ஆழ உழுவது போன்றவை அவ்வகை. இவற்றுக்குப் பெரிய இயந்திரத்தை வாடகைக்கு எடுப்பதே லாபம். வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டர்களையும் மண் தள்ளும் இயந்திரங்களையும் வாடகைக்கு விடுகிறது. பருவ நெருக்கடிக்கு முன்பே மனுச் செய்து வைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை வரும் கனத்த வேலையைப் பெரிய இயந்திரத்திடம் விட்டு, மற்ற உழவு, களை எடுப்பு, மருந்து தெளிப்பு, டிரைலர் வேலைகளைச் சின்ன டிராக்டரில் செய்துகொண்டால் அது பல ஆண்டு உழைக்கும்.

பம்ப்பைத் திறந்த டிராக்டர் முதல் வாரம் நன்றாகவே இழுக்கும். அது நிற்பதானால், பெரும்பாலும் சுமை அதிகமான நாளில், மேகம் கூடிய புரட்டாசி மாதத்தில் நடு வயலில்தான் நிற்கும். அன்று பட்டறையில் பிஸ்டனுக்குக் காத்திருக்கும் விவசாயிக்கு மழை காத்திருக்காது. சொந்த நிலமும் விதைப்பு தவறும். மணிக்கணக்கில் உழுது கொடுப்பதாகச் சொன்ன அண்டை நிலமும் தவறும். அந்த வருமானத்தை நம்பி வாங்கிய கடன் தவணையும் தவறும்.

ஆகவே ஆவணி மாதத்திலேயே ஒரு நாள் ஒதுக்கி, சாக்குக்கட்டிச் சோதனையைச் செய்து, மேலே சொன்ன ஆறையும் வரிசையாகப் பார்த்துவிட வேண்டும். டயர், கொழு, வடிகட்டி, கம்பி ஆகியவற்றில் அடைபட்டுக் கிடக்கும் சக்தியை மீட்டால், பம்ப்பின் முத்திரையை உடைக்காமலே சின்ன டிராக்டர் மழைக்கு முன் வேலையை முடித்துக் கொடுக்கும்.